மளிகைக் கடைத் தொழிலை எந்த வரிசையில் கற்றுக்கொள்வது: முதல் ஐந்து வருடங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடை பிடித்து, ரேக் அடித்து, சரக்கு இறக்கி, போர்டு மாட்ட இரண்டு மாதம் போதும். அதே கடையை லாபத்தில் நடத்தக் கற்றுக்கொள்ள நான்கைந்து வருடம் ஆகும். புதிதாக வருபவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். "நான் சீக்கிரம் பிடித்துக்கொள்வேன்" என்பார்கள். பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் புதுப்புளி வருவது வருடத்துக்கு ஒரு முறைதான், தீபாவளியும் ஒரு முறைதான்.

இந்தத் தொழிலில் நாம் செய்தது சரியா தப்பா என்று தெரிய வேலைக்கு வேலை வேறு வேறு காலம் பிடிக்கிறது. பொட்டலத்தில் எடை தப்பினால் அன்று மாலையே தெரியும். கடன் கொடுத்தது தப்பென்றால் அடுத்த மாதம் தெரியும். மிளகாய் வாங்கியது தப்பென்றால் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். கடைக்குப் பார்த்த இடம் தப்பென்று உறுதியாகத் தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம்.

அதனால் சீக்கிரம் விடை தெரியும் வேலைகளை முதலில் கற்கவும். தாமதமாக விடை தெரியும் வேலைகளுக்கு, குறிப்பெழுதுவதை மட்டும் முதல் நாளே தொடங்கவும். கீழே உள்ள வரிசை இந்த அடிப்படையில்தான் இருக்கிறது. நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். தராசில் கை பழகும் முன்பே "மொத்தமாக எடுத்தால் மலிவு" என்று மூட்டைகளைக் குவித்தார்கள்.

கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வீட்டுச் செலவுக்குக் குறைந்தது ஆறு மாதப் பணம், கடை முதலோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் மாதத்திலிருந்தே கல்லாவில் கை வைப்பீர்கள். அப்போது கடை ஓடவில்லையா, வீடு முதலைத் தின்றுவிட்டதா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

கடைக்கென்று வைத்த முதலில் அட்வான்ஸ், ரேக், ஃப்ரிட்ஜ் போக மிஞ்சுவதை முழுவதும் சரக்காக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு பணமாகவே இருக்கட்டும். அந்தத் தெருவில் எது ஓடும் என்று கடை திறந்த பிறகுதான் தெரியும். தெரிந்த நேரத்தில் வாங்கக் காசு வேண்டும்.

இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்று விலை நோட்டு: என்ன சரக்கு, எந்தத் தேதி, யாரிடம், என்ன விலை, தரம் எப்படி. இன்னொன்று "இல்லை" நோட்டு: வாடிக்கையாளர் கேட்டு நம்மிடம் இல்லாதவை. விலை நோட்டின் அருமை இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் போன வருட விலையை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இதற்கு போன் செயலி போதாதா என்று கேட்கிறார்கள். போதும், தினமும் பதிந்தால். நோட்டு கல்லா பக்கத்திலேயே கிடக்கும், கண்ணில் படும். எனக்கு நோட்டுதான் பிடிக்கிறது.

1. வேறொருவர் கடையில் நில்லுங்கள்

ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வேறொருவர் போட்ட முதலை வைத்து நீங்கள் பழகும் காலம் இது ஒன்றுதான்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். அங்கே ஒருவர் பில் போடுவார், ஒருவர் அடுக்குவார், கொள்முதல் எங்கோ தலைமை அலுவலகத்தில் நடக்கும். இரண்டு மூன்று ஆள் உள்ள கடையில்தான் அண்ணாச்சி ஏஜென்சிக்காரரோடு (கம்பெனிச் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுவந்து போடுபவர்) பேரம் பேசுவதும், பாக்கி கேட்பதும், மூட்டையைத் திருப்பி அனுப்புவதும் உங்கள் காதில் விழும்.

அங்கே நின்று கவனிக்க வேண்டியது விற்பனையை விட மறுப்பை. எந்தச் சரக்கை வேண்டாம் என்கிறார், கூடுதலாக எடுத்தால் தள்ளுபடி என்று வரும் எந்த ஸ்கீமை ஒதுக்குகிறார், யாருக்குக் கடன் தர மாட்டேன் என்கிறார். வாங்கியதற்குக் காரணம் கேட்டால் யாரும் சொல்வார்கள். வேண்டாம் என்றதற்குப் பின்னால்தான் அவர் முன்பு கொடுத்த விலை இருக்கும். சாயங்காலம் கூட்டம் ஓய்ந்ததும் "ஏண்ணே அதை எடுக்கல?" என்று கேளுங்கள்.

வழக்கமான தவறு: கடையை விட்டு வந்ததும் அதே தெருவில் கடை போடுவது. அண்ணாச்சியின் வாடிக்கையாளரை இழுப்பது எளிதாகத் தெரியும். ஆனால் முதல் இரண்டு வருடம் அவசரத்துக்குச் சரக்கு, மொத்த வியாபாரியிடம் ஒரு சிபாரிசு என்று அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

2. எடை, பொட்டலம், சேதாரம்

இதில் விடை அன்றன்றே தெரியும். ஆகவே முதலில் இது.

50 கிலோ சர்க்கரை மூட்டையைக் கால் கிலோ பொட்டலமாகப் போட்டால் 200 பொட்டலம் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் 5 கிராம் கூடுதலாக விழுந்தால் மொத்தம் ஒரு கிலோ போச்சு. அது மூட்டையில் 2 சதவீதம். சர்க்கரையில் கிடைப்பதே மூன்று நான்கு சதவீதம் என்றால், பாதியோ அதற்கு மேலோ உங்கள் கை வழியாகவே ஒழுகிவிட்டது. இதில் சாக்கில் ஒட்டியதும் தரையில் சிந்தியதும் சேரவில்லை.

குறைத்துப் போடுவது இன்னும் மோசம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், வீட்டில் தராசு வைத்திருக்கும் அக்கா ஒருவர் போதும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பை எடையைக் கழித்து, தராசுத் திரை பூஜ்யத்துக்கு வந்த பிறகு போடுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் முத்திரை வாங்க வேண்டும். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூட்டை வந்ததும் எடை பாருங்கள். இறக்குபவர் நிற்கும்போதே பார்க்க வேண்டும். அவர் வண்டி கிளம்பிய பிறகு கண்ட குறைவுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சேதாரத்தில் வண்டுதான் பெரிய எதிரி. ரவை, மைதா, கடலை மாவு, பயறு வகை எல்லாம் வெயில் காலத்திலும் அடைமழையிலும் சீக்கிரம் கெடும். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கும் பழக்கம் கையில் ஊற வேண்டும். புதியவர்கள் அவசரத்தில் புது மூட்டையைப் பழைய மூட்டைக்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பின்னால் இருப்பதை இழுத்தால் மாவு தானாக நகரும்.

இந்த வேலை மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

3. தினக் கணக்கு

இரவு கடை சாத்தும் முன் நான்கு எண்: காலையில் கல்லாவில் வைத்த சில்லறை, அன்றைய ரொக்க விற்பனை, யுபிஐ வழி வந்தது, கல்லாவிலிருந்து வெளியே போனது. வெளியே போனதில் டீ செலவும் சேரும், மகன் எடுத்த ஐஸ்கிரீமும் சேரும்.

யுபிஐக்குக் கடை பெயரில் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சொந்தக் கணக்கில் விற்பனைப் பணம் வந்தால் வீட்டு இஎம்ஐயும் கடை வரவும் ஒன்றோடொன்று கலந்து, மாதக் கடைசியில் எந்தப் பணம் எதுவென்று தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினம் 15,000 விற்பனை, மாதம் 4,50,000. சராசரியாக 10 சதவீதம் லாபம் நின்றால் கிடைப்பது 45,000. வாடகை 12,000, கரண்ட் 5,000, ஒரு ஆள் சம்பளம் 12,000, பை, வண்டி, சில்லறைச் செலவு 3,000. மீதி 13,000. இரவில் கல்லாவை எண்ணும்போது 15,000 கையில் இருக்கும். அதில் உங்களுடையது 430 ரூபாய் சொச்சம். மற்றதெல்லாம் நாளைக்கு வரும் ஏஜென்சிக்காரருக்கும், வாடகை, சம்பளத்துக்கும் போவது. முதல் வருடம் மூடும் கடைகளில் பலவற்றைக் கொல்வது இந்த 15,000 கையில் இருக்கும் மயக்கம்தான்.

உங்களுக்கென்று ஒரு மாதச் சம்பளம் வைத்து, அதை மட்டும் எடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் அது எழுதப்பட்ட தொகையாக இருக்க வேண்டும்.

4. விலை போடுவது

80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் எத்தனை சதவீத லாபம்? வாங்கின விலையில் 25, விற்ற விலையில் 20. ஏஜென்சி சேல்ஸ்மேன் பெரும்பாலும் பெரிய எண்ணைச் சொல்வார். நீங்கள் வாடகை, சம்பளத்தை விற்பனையோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள் என்பதால் விற்ற விலையில் கணக்கிடும் பழக்கம் நல்லது. எதில் வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

அடக்க விலை என்பது பில்லில் உள்ள விலை மட்டும் கிடையாது. வண்டி வாடகை, இறக்குக் கூலி, பொட்டலப் பை, எடைக் குறைவு எல்லாம் ஏற வேண்டும். பருப்பில் இது கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய்க்கு வந்துவிடும்.

அடுத்தது பலரும் தவறவிடுவது: சதவீதத்தை மட்டும் பார்க்காமல் சுற்றையும் பாருங்கள். 2,000 ரூபாய்க்குச் சர்க்கரை வாங்கி வாரத்தில் விற்றுவிடுகிறீர்கள், லாபம் 3 சதவீதம், அதாவது 60 ரூபாய். அதே பணம் மூன்று மாதத்தில் பதின்மூன்று தடவை சுற்றி 780 ரூபாய் தரும். 2,000 ரூபாய்க்கு ஏலக்காய் வாங்கி 25 சதவீதம் வைத்தாலும், அது விற்க மூன்று மாதம் ஆனால் கிடைப்பது 500தான். புதியவர்கள் ஏலக்காயைப் பார்த்து ஆசைப்பட்டு, சர்க்கரையை "இதில் ஒன்றுமில்லை" என்று ஒதுக்குவார்கள். சர்க்கரை வாங்க வருபவர்தான் ஏலக்காயும் வாங்குவார் என்பது வேறு விஷயம்.

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு மாதிரி எம்ஆர்பி போட்டு வருபவற்றில் பெரிய கடைகளோடும், பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகளோடும் விலையில் மோத வேண்டாம். உங்கள் பலம் சில்லறையாக எடை போட்டு விற்கும் பருப்பு, அரிசி, மிளகாய், மல்லி, புளியில் இருக்கிறது. அதில் தரம் உங்கள் கையில்.

5. கொள்முதல்

இங்கேதான் வருடங்கள் போகும். குறுக்கு வழி கிடையாது.

முதல் ஆறு மாதம் வாரத்துக்கு வாரம் சின்ன அளவில் எடுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டிவரும். கொடுங்கள். அது படிப்புச் செலவு. மதுரையில் கீழ மாசி வீதி, திருச்சியில் காந்தி மார்க்கெட் என்று உங்கள் பக்கத்து மொத்தச் சந்தைக்கு நீங்களே போக வேண்டும். போனில் ஆர்டர் போட்டால் அவர் தள்ள நினைப்பதுதான் வரும். நேரில் போனால் நான்கு கடைச் சரக்கை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கண் அப்படித்தான் பழகும்.

தரம் பார்க்கும் முறை சரக்குக்குச் சரக்கு மாறும். அரிசியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், கையில் தேய்த்துத் தவிடு பார்ப்பார்கள். இருந்தாலும் வீட்டில் ஒரு ஆழாக்கு வடித்துப் பார்ப்பதுதான் உறுதி. பொங்கலை ஒட்டி அறுவடையாகி வரும் புது அரிசி குழையும். பழைய அரிசி கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைக் கொடுத்தால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். வாங்கும்போதே எந்தப் பருவத்து அரிசி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மிளகாயைக் கையில் அமுக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இரண்டு மாதத்தில் அது காய்ந்து மூட்டை எடை குறையும், காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். புளியில் கொட்டை, நார் எவ்வளவு, நிறம் எப்படி என்று பார்க்க வேண்டும். புதுப்புளி வெளிறி இருக்கும், நாள் ஆக ஆகக் கறுக்கும். சில வீடுகளுக்குக் கறுப்பு வேண்டும், சில வீடுகளுக்கு ஆகாது. துவரம்பருப்பில் உடைசலும் தூசியும் மூட்டையின் அடியில் இருக்கும். மேலே அள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குத்தூசியால் நடுவிலும் அடியிலும் குத்தி எடுத்துப் பாருங்கள். வியாபாரி முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் பருவம். மிளகாய், மல்லி, புளி மூன்றுக்கும் மாசி, பங்குனியை ஒட்டி வரத்து கூடும். ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் வரத்தும் தை, மாசியில் சூடு பிடிக்கும். வரத்து கூடும்போது விலை இறங்கும் என்பது பொதுவான பேச்சு. ஆனால் எவ்வளவு இறங்கும், எந்த வாரம், அதன்பின் எப்போது ஏறும் என்பதை உங்கள் விலை நோட்டு மட்டுமே சொல்லும். ஒரு வருடக் குறிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அந்த வருடம் மழை தப்பியிருக்கலாம். இரண்டு மூன்று வருடம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் எது வழக்கம், எது விபத்து என்று பிரியும்.

பண்டிகையும் அப்படியே. நவராத்திரிக்குக் கொண்டைக்கடலையும் பயறும், ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும், தீபாவளிக்கு எண்ணெய், கடலை மாவு, மைதா, நெய், கார்த்திகைக்கு அகல், நல்லெண்ணெய், பொங்கலுக்குப் பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி. புரட்டாசியில் முட்டை விற்பனை விழும், ஐயப்ப சீசனில் மறுபடி விழும். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். தெரியாதது அளவு. உங்கள் தெருவில் தீபாவளிக்கு எத்தனை கிலோ கடலை மாவு போகும்? முதல் வருடம் ஊகம்தான், குறைவாக எடுத்துத் தீர்ந்துபோனாலும் பரவாயில்லை. என்றைக்குத் தீர்ந்தது, அதன்பின் எத்தனை பேர் கேட்டார்கள் என்று "இல்லை" நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வருடம் அந்த எண்ணை வைத்து எடுங்கள். மூன்றாம் வருடம் கிட்டத்தட்டச் சரியாக வரும். தீர்ந்துபோன சரக்கால் நஷ்டம் ஒரு நாள் லாபம். மிஞ்சிய சரக்கால் நஷ்டம் முதலே.

ஸ்கீம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "பத்து பெட்டி எடுத்தால் கூடுதலாக 2 சதவீதம்" என்பார்கள். அந்தப் பத்து பெட்டி விற்க நான்கு மாதம் ஆகுமானால், சராசரியாக இரண்டு மாதம் உங்கள் பணம் அதில் முடங்குகிறது. இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கி நடத்தும் கடைக்கு அது 4 சதவீதச் செலவு. 2 வாங்க 4 கொடுத்த கதை. கேட்க வேண்டியது ஒன்றே: எத்தனை நாளில் விற்பேன்? மூன்று வாரத்துக்குள் என்றால் எடுங்கள்.

மலிவாகக் கிடைக்கும்போது மொத்தமாக வாங்கிப் பூட்டி வைக்கும் வேலையை மூன்றாவது வருடம் வரை தொடாதீர்கள். அதன்பிறகும் ஒரே ஒரு சரக்கில் மட்டும், தொலைந்தால் கடை நிற்காத அளவுக்கு மட்டும். அது வேறு தொழில். அதில் பழுத்தவர்கள் விருதுநகரில் தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

6. கடன்: வாங்குவதும் கொடுப்பதும்

கொடுக்கும் கடனுக்கு முன்னால் வாங்கும் கடனைப் பழகுங்கள். ஏஜென்சிகள் சில ஒரு வாரம் தரும், சில பில்லுக்குப் பில் என்று ஓட்டும்: அடுத்த சரக்கு இறங்கும்போது முந்தைய பில்லுக்குப் பணம். முதல் வருடம் எல்லோருக்கும் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால் கொடுங்கள். சரக்குத் தட்டுப்பாடு வரும்போது மொத்த வியாபாரி முதலில் கூப்பிடும் பெயர் உங்களுடையதாக இருக்கும். இந்தப் பெயரைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. இருபது முப்பது பில் கடந்தால்தான் கிடைக்கும்.

வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில் கணக்கைப் பாருங்கள். தினம் 4,000 ரூபாய்க்குக் கடன் போனால், மாதக் கடைசியில் 1,20,000 வெளியே நிற்கும். உங்களுக்குக் கிடைத்த கடனோ ஏழு நாள். அந்த இடைவெளியை உங்கள் முதல்தான் நிரப்ப வேண்டும். முதல் இல்லாதவர் வட்டிக்கு வாங்கி நிரப்புவார், லாபம் வட்டிக்காரருக்குப் போகும்.

2,000 ரூபாய்ப் பாக்கி ஒன்று வராமல் போனால், அதன் அடக்கம் 1,800. அதை மீட்க 18,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கடன் நோட்டின் அட்டையில் எழுதி ஒட்டலாம்.

முறை இதுதான். முதல் ஆறு மாதம் யாருக்கும் கடன் கிடையாது, ரொக்கத்துக்கு வருபவர் யார் என்று முகம் பழகட்டும். பிறகு ஒரு வீட்டுக்கு ஒரு உச்சவரம்பு. சம்பளத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த வாரத்திலேயே நினைவூட்டுங்கள். பதினைந்தாம் தேதிக்கு மேல் கேட்டால் அந்தப் பணம் வேறு செலவுக்குப் போயிருக்கும். பழைய பாக்கி நிற்கும்போது "இதையும் சேர்த்து எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்றால், பாதியாவது கட்டிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். முகம் பார்த்து இதைச் சொல்லப் பழக நிறையப் பேருக்கு இரண்டு வருடம் ஆகிறது. கோபமாகச் சொல்கிறவர்கள் வாடிக்கையை இழக்கிறார்கள், சொல்லவே கூச்சப்படுகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள்.

7. சட்டமும் வரியும்

இதை முதல் மாதமே முடித்துவிடலாம் என்றாலும் இங்கே வைக்கக் காரணம், இதற்குத் திறமையை விட ஒழுங்குதான் வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம், உள்ளாட்சித் தொழில் உரிமம், தராசு முத்திரை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, அதையும் மறக்க வேண்டாம்.

சரக்கு மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மேலே சொன்ன 4,50,000 மாத விற்பனையே வருடத்துக்கு 54 லட்சம் ஆகிவிடுகிறது, எனவே "நம்மது சின்னக் கடை" என்று இருந்துவிடாதீர்கள். ஒன்றரைக் கோடி வரை, விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறை இருக்கிறது. கணக்கு எளிது. ஆனால் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

அதன் விளைவு 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எனப் பலவற்றுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. பழைய வரியில் வாங்கிய சரக்கு ரேக்கில் இருக்க, வாடிக்கையாளர் புது விலை கேட்டார். சாதாரண ஜிஎஸ்டியில் இருந்தவருக்குக் கட்டிய வரி வரவாக இருந்தது. காம்போசிஷனில் இருந்தவருக்கு அந்த வசதி இல்லை. இரு தரப்பிலும் பத்து நாள் சரக்கு வைத்திருந்தவர் தப்பினார். ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு மூன்று மாதச் சரக்கு வைத்திருந்தவர் தடுமாறினார். எந்த முறை உங்களுக்குத் தோது என்று கணக்காளரிடம் உங்கள் பில்களைக் காட்டிக் கேளுங்கள்.

8. ஆள் வைத்து வேலை வாங்குவது

இரண்டாம் வருடத்துக்கு முன் முக்கியமான வேலையை வேறு கையில் கொடுக்க வேண்டாம். உங்களுக்கே தெரியாத வேலையில் தம்பி செய்வது சரியா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

ஒப்படைக்கும் வரிசை: பொட்டலம் போடுவது, அடுக்குவது, கவுண்டரில் எடுத்துக் கொடுப்பது, பில், கல்லா. கொள்முதல் கடைசி. கல்லாவில் தப்பு நடந்தால் அன்றிரவே தெரியும், கொள்முதலில் நடந்தால் ஆறு மாதம். ஆனால் நிறையப் பேர் கல்லாச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, மார்க்கெட்டுக்குப் போக அலுப்பாக இருக்கிறதென்று கொள்முதலை அடுத்தவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

சரக்கு எண்ணிக்கையை வாரம் ஒரு ரேக் என்று சுழற்சியில் எடுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக எண்ணினால் எதில், எப்போது குறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. குறைவு தெரிந்தவுடன் ஆள் மேல் பாயாதீர்கள். முதலில் எடை, பிறகு எலி, பிறகு பில்லில் விட்டது, அதற்கப்புறம் ஆள். இந்த வரிசையில் தேடினால் பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே விடை கிடைத்துவிடும்.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 2021இல் வந்த திருத்தப்படி கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும். நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலக் கூட்டத்தில் எரிந்து விழும், அதனால் அந்த ஸ்டூல் உங்கள் வியாபாரத்துக்கும் நல்லது.

9. இரண்டாவது கடை

முதல் கடை கூட்டமாக இருக்கிறது என்பதற்காக இரண்டாவது கடை போடாதீர்கள். அதற்கு முன் மூன்றைச் சோதியுங்கள்.

ஒன்று, ஒரு வாரம் ஊருக்குப் போங்கள். போனில் கூப்பிடக் கூடாது. திரும்பி வந்து தினக் கணக்கு, இருப்பு, பாக்கி மூன்றையும் பாருங்கள். ஒத்துப்போனால் கடை உங்கள் இல்லாமையைத் தாங்கும். அதே சோதனையைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் செய்ய உங்களுக்குத் துணிச்சல் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.

இரண்டு, விலை நோட்டில் அடுத்தடுத்த மூன்று வருடக் குறிப்பு இருக்கிறதா? இருந்தால் இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே கொள்முதல் செய்து கிலோவுக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். இல்லையென்றால் இரண்டு மடங்கு சரக்கில் அதே தவறுகளைச் செய்வீர்கள்.

மூன்று, புதுக் கடைக்கான முதல், பழைய கடையின் சரக்கைக் குறைக்காமல் வருகிறதா? பழைய ரேக்கில் ஓட்டை விழுந்தால் வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் கவனித்துவிடுவார்.

மூன்றும் சரியென்றால், புதுக் கடையில் நீங்கள் உட்காருங்கள். பழகிய ஆளைப் பழைய கடையிலேயே விடுங்கள். அங்கே அவருக்கு எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யாருக்கு எவ்வளவு பாக்கி வரம்பு என்று தெரியும். புதுத் தெருவில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது, "இல்லை" நோட்டை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அதை எழுத வேண்டியவர் நீங்கள்தான்.